வால் நுனி

இன்னும் கொஞ்சம் ஓடு, ராசா. அதுக்குள்ள நின்னுடாதே. முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு...

உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். நுண்ணோக்கியின் கீழே ஒரு துளியில் கெண்டைமீனின் விந்தணுக்கள் பறந்துகொண்டிருந்தன. மீனின் உடம்புக்குள் இருக்கும்வரை அவை அசைவதே இல்லை. தண்ணீர் பட்ட கணத்தில் விழிப்பு. பிறகு கையிருப்பில் உள்ள ஆற்றல் முக்கால் நிமிடம் தாங்கினால் பெரிது. அதற்குள் முட்டையில் இருக்கும் ஒரே வாசலைக் கண்டுபிடித்தாக வேண்டும். பதினாறு வருடமாகப் பார்க்கிறாள், அலுக்கவில்லை. இத்தனை சின்னதற்கு எத்தனை வீறாப்பு!

இன்றைய துளியில் ஒரு நொதியை முடக்கியிருந்தார்கள். கழுத்தருகே உண்டாகும் ஆற்றலை வால் நுனிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் நொதி அது. கழுத்துப்பக்கம் துடித்துக்கொண்டே இருக்க, நுனி மட்டும் கம்பிபோல நின்றுபோனதை அவள்தான் முதலில் கண்டாள்.

"டாக்டரம்மா, மொத்தமா நிக்கல. நுனிதான் முதல்ல சாகுது."

பக்கத்தில் நின்ற ஆராய்ச்சியாளர் அம்மாள் அவளை ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "இந்தக் கண்ணை இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நாத்தனாரின் அழைப்பு வந்தது.

"அண்ணி, சாயந்திரம் நம்ம பொண்ணு விஷயமா பையனோட அம்மா வர்றாங்க. என்ன வேலைன்னு கேட்டா தண்ணி டெஸ்ட்டுன்னு சொல்லிடுங்க. மீனு, அதோட இதுன்னு ஆரம்பிச்சுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தண்ணிய எங்க டெஸ்ட் பண்றேன்? மீனோட துளிமேல சும்மா ஊத்தறதோட சரி."

"அப்போ பாதி உண்மைதானே!"

சிரிப்பு வந்தது, நிலைக்கவில்லை. மகளின் பள்ளிப் படிவங்களில் அவளே தன் கையால் எழுதியது அது: நீர்ப் பரிசோதனை.

மாலையில் பேச்சு நன்றாகவே போயிற்று. மகள் தானே விரும்பித் தேர்ந்தெடுத்த பையன். அவன் அம்மாவின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை எடுத்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க வேலைக்குப் போறீங்களாமே, என்ன வேலைங்க?"

"தண்ணி டெஸ்ட் பண்றாங்க," நாத்தனார் முந்திக்கொண்டாள். "இல்லையா அண்ணி?"

கதவோரம் நின்ற மகளின் கண்கள் கெஞ்சின. ஒரே ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் கேட்டார்கள். கழுத்துவரை வந்த உண்மை நாக்கு நுனிக்கு எட்டாமலே அல்லவா பதினாறு வருடம் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"இல்லைங்க," என்றாள். குரல் உயரவில்லை. "மீனோட விந்தணு எவ்வளவு நேரம் ஓடுதுன்னு பாக்கறேன்."

டம்ளர் உதட்டுக்குப் போகும் வழியில் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் நகர்ந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அவள் எண்ணத் தொடங்கினாள்.