வருகைப் பதிவேடு

“கலையை வளர்த்தவங்க ராஜாக்கள். அப்புறம் வட்டிக்கடைக்காரங்க. பஸ் டெப்போ மெக்கானிக் வளர்த்ததா சரித்திரத்துலயே இல்ல, மாமா,” என்றான் மகன், வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கியபடி.

“இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இரேன்டா. உங்கப்பா உள்ள கிடக்கறார்,” என்றார் மாமா. ஒட்டிக்கொண்ட இரண்டு நாற்காலிகளைப் பிரிக்க அவரால் முடியவில்லை.

மாதம் இருநூறு பேராவது வந்தால்தான் எண்ணெய் மில் முதலாளியின் அறக்கட்டளை ஊரிலிருந்த கலை அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்திருக்கும். அதனால் ஆறு வருடமாக அப்பா வேலை முடிந்ததும் அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பதிவேட்டில் தினம் ஒரு புதுப் பெயரை எழுதிவிட்டு வந்தார். முதலாளியின் பெயர் வாசலில் ஆள் உயரத்துக்கு இருந்தது. அப்பாவின் சொந்தப் பெயர் பதிவேட்டில் முதல் நாள் மட்டும்தான். “கள்ளக் கையெழுத்துக்கெல்லாம் நான் ஜாமீன் எடுக்க மாட்டேன்பா,” என்று மகன் சொல்லி வைத்திருந்தான்.

பத்து மணிக்கு அருங்காட்சியகக் காப்பாளர் அம்மாள் வந்தார். அங்கே டிக்கெட் கிழிப்பதும் தரை துடைப்பதும் அவரே. கையில் பதிவேடு.

“நாளைக்குக் காலையில அறக்கட்டளை ஆள் வந்து வாங்கிட்டுப் போயிடுவார். பஸ்ல வரும்போதே எழுதிடலாம்னு பார்த்தேன். எந்தப் பேரைப் போட்டாலும் என் கையெழுத்தாவே வருது,” என்றார் அம்மாவிடம்.

“எத்தனை பேர் குறையுது?”

“பதினொண்ணு. விடுங்கம்மா, இப்ப அதுவா முக்கியம். மூடினா மூடட்டும்.”

பதிவேட்டை வாசல் மேசையில் வைத்துவிட்டு, அப்பாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தார்.

மகன் கடைசி நாற்காலியோடு வந்தபோது, பக்கத்து வீட்டுத் தையல்காரர் அந்தப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் எழுத வைத்தது என்று நினைத்துவிட்டார். பெயர், ஊர் எல்லாம் எழுதி, கருத்துக் கட்டத்தில், “இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.”

அதை எடுத்து உள்ளே வைக்கத்தான் மகன் போனான். அதற்குள் டெப்போ ஆட்கள் ஒன்பது பேர் வேனிலிருந்து இறங்கி, மேசை முன்னால் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

“தம்பி, எங்க எழுதணும்?” என்றார் முன்னால் நின்ற கண்டக்டர்.

உள்ளேயிருந்து காப்பாளர் அம்மாள் அவனைப் பார்த்தார்.

“பேர் இங்க. ஊர் பக்கத்துல,” என்றான் மகன். “கருத்து, இஷ்டம் இருந்தா.”

கண்டக்டர் வெகுநேரம் யோசித்து, “எவ்வளவு பழசானாலும் ஓட வைப்பார்” என்று எழுதினார்.

மூன்று மணிக்கு அப்பாவை வண்டியில் ஏற்றினார்கள். “வாடா, உனக்காகத்தான் நிக்குது,” என்று தெருவிலிருந்து மாமா கூப்பிட்டார்.

பதினொன்றில் ஒரு வரி பாக்கி இருந்தது. மகன் தன் பெயரையே எழுதலாம், யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். எழுத்தை இடப்பக்கம் சாய்த்து, யாருக்கும் இல்லாத ஒரு பெயரை எழுதினான். தூரத்து ஊர் ஒன்றைப் போட்டான். கருத்துக் கட்டத்தில் பேனா சற்று நின்றது.

“அமைதியாக இருந்தது” என்று எழுதி, மை காயும்வரை ஊதினான்.