நாலாயிரத்து முந்நூறு

ராஜாத்தி சேலைக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு முதன்முதலாகத் தெருவில் இறங்கிய காலையில், சின்னமனூரே ஒரு நிமிடம் பல் விளக்குவதை நிறுத்திவிட்டது. எதிர்வீட்டு அன்னத்தாய் வாயிலிருந்த நுரையைத் துப்ப மறந்து விழுங்கினாள். பால்காரர் அரை லிட்டர் கேட்ட வீட்டில் ஒன்றரை லிட்டரை ஊற்றிவிட்டுப் போனார். கம்பம் போகிற பஸ் ஒன்று ஏறவோ இறங்கவோ ஆளில்லாமலே இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போனதாகவும் பேச்சு; அது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். வெள்ளை ஷூ. ஓரத்தில் ரோஜா நிறக் கோடு. ஐம்பத்திரண்டு வருடமாகச் செருப்பைத் தவிர எதையும் பார்த்திராத பாதங்கள், புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் மாதிரி விறைத்துக்கொண்டு நடந்தன.

"என்னக்கா, பரேடுக்கா?" என்றாள் அன்னத்தாய்.

"இமயமலைக்கு. இன்னைக்கி வாய்க்கா வரைக்குந்தான்" என்று சொல்லிவிட்டு ராஜாத்தி திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வாசலில் நின்ற அவள் புருஷன் ஒச்சாண்டிக்கு நெஞ்சு பெருமையில் விம்மியது. அதே நேரத்தில் அவளைக் கூப்பிட்டு நிறுத்திவிடவும் தோன்றியது. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று அவருக்குப் புரியவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் அவருக்கு ஒரு விஷயம் தெரிய வந்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தபோது அவள் ஷூ லேஸைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒச்சாண்டி முப்பது வருடம் சின்னமனூர்-மேகமலை அரசு பஸ் ஓட்டியவர். அவர் ஹாரன் சத்தம் கேட்டால் யானைகள் ஓரம் ஒதுங்கி வழிவிடும். குட்டிகளுக்கு, 'இது நம்ம ஒச்சாண்டி வண்டி, பயப்படாதே' என்று தாய் யானை சொல்லும். இதை அவரே சொல்லியிருக்கிறார், ஆகவே உண்மை. ஒரு நாள் வண்டி மேலே தங்கும், ஒரு நாள் கீழே. அப்படிப் பார்த்தால் கல்யாண வாழ்க்கையில் பாதியை அவர் மலையோடுதான் குடும்பம் நடத்தினார். போன வருடம் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டியரிங் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் எப்படித் திரும்புவது என்று தெரியாமல் முதல் மாதம் முழுக்கக் கதவு நிலைகளில் தோளை இடித்துக்கொண்டார். எதிரே ராஜாத்தி இருந்தாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், தினமும். என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. "சாப்பிடுறீகளா", "போடு" என்பதோடு ஒரு நாள் பேச்சு முடிந்துவிடும்.

அந்த நாட்களில்தான் செல்போனில் அந்த ஏரி வந்தது. சந்திரதால். இமயமலையில் ஸ்பிதிப் பக்கம், மொட்டை மலைகளுக்கு நடுவில், யாரோ நீலச் சாயத்தைக் கொட்டிவிட்டு ஓடிப்போன மாதிரி ஒரு தண்ணீர். ஆறு நாள் நடை, கூடாரத்தில் படுக்கை, அப்புறம் லாங்சா என்று மண்வீடுகள் உள்ள ஒரு கிராமம். பார்த்த மாத்திரத்தில் ஒச்சாண்டி கிளம்பிவிட்டார், மனசால். துணைக்கு மச்சினன் சுருளிவேலைப் பிடித்தார். அவனுக்கு ஓடைப்பட்டியில் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை. ஓடைப்பட்டிக்காரனுக்கு நாள்காட்டி என்பதே கவாத்துதான். கொடியை வெட்டிவிட்ட நாளிலிருந்து எண்ணி, பழம் வெட்டுகிற நாளைச் சொல்லி, நடுவில் கல்யாணம் காதுகுத்தை வைத்துக்கொள்வான். அவர்கள் இமயமலைக்கும் அப்படியே நாள் குறித்தார்கள். பந்தலுக்கடியில் உட்கார்ந்து, பழப்பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டு, செப்டம்பர் முதல் வாரம் என்று முடிவு செய்து, கூட்டிப் போகிற கம்பெனியில் இருவர் கூடாரம் ஒன்றுக்குப் பெயரும் கொடுத்தாயிற்று. கோடை மழை வந்து கவாத்தைப் பதினெட்டு நாள் தள்ளிப் போட்டது. பழம் வெட்டு நேராகச் செப்டம்பர் முதல் வாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"மாமா, கொடிட்ட லீவு கேக்க முடியாது" என்று சுருளிவேல் கையை விரித்தான். "எங்கக்காவக் கூட்டிட்டுப் போங்க."

"ஏலே, வெளையாடுறியா? அவளுக்கு மலையே ஒத்துக்காது."

அது ஊரறிந்த கதை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை ராஜாத்தியை முன்சீட்டில் உட்கார வைத்து மேகமலைக்கு ஓட்டிப் போனார். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. பதினெட்டிலும் வாந்தி. சுருளிவேலிடம் சொல்லும்போது இருபத்திரண்டு. அன்றைக்கே அவளையும் மலையையும் தனித்தனிக் கணக்கில் எழுதிவிட்டார்.

ஆனால் மச்சினன் சொன்ன வார்த்தை உள்ளே கிடந்து அரித்தது. இரண்டு நாள் கழித்து, அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி மெதுவாகத் தொடங்கினார்.

"நம்ம மேகமல எத்தன அடி, தெரியுமா?"

"நான் என்ன அளந்தா பாத்தேன்?"

"அஞ்சாயிரம். இந்த ஏரி எவ்வளவுன்னு போட்ருக்கான் பாரு. நாலாயிரத்து முந்நூறு. நம்ம மலையவிட எழுநூறு அடி கீழ! இமயமலங்கிறது பேருதான் பெருசு."

"பனி கெடக்குமாமே?"

"ஃபிரிஜ்லகூடத்தான் பனி கெடக்கு. அது என்ன உசரம்?"

முப்பது வருடமாக மலைப்பாதைப் பலகைகளில் அடிக்கணக்கையே பார்த்துப் பழகிய கண். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருந்த குட்டி எழுத்தைக் கண்ணாடி போடாமல் எறும்பு என்று நினைத்துத் தட்டிவிட்டார். மனுஷன் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ராஜாத்தி மூன்று நாள் யோசித்தாள். நாலாவது நாள், "சரி, வாரேன்" என்றாள். ஒச்சாண்டி கதவு நிலையில் இடிக்காமல் மூன்று அறையைத் தாண்டிப் போனார்.

பெங்களூரிலிருந்து மகள் யுவராணி ஷூவை அனுப்பி வைத்துவிட்டு, அது வந்துசேர்ந்த சாயங்காலம் போன் செய்தாள். "அப்பா, அம்மா எப்படிப்பா ஒத்துக்கிட்டாங்க? பதினாலாயிரம் அடியாச்சே!"

"அது யாரு சொன்னா? நாலாயிரத்து முந்நூறு."

"அது மீட்டர்ப்பா."

ஒச்சாண்டி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் பெருக்கினார். மூன்று தடவை பெருக்கினார், மூன்று விடை வந்தது, மூன்றுமே பதினாலாயிரத்துக்கு மேல். ஒரு மேகமலை மேல் இன்னொரு மேகமலையை வைத்து, அதன் தலையில் மூன்றாவதை ஏற்றி, கடைசியில் நாலைந்து வளைவை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

"அம்மாட்ட சொல்லிருங்கப்பா" என்றாள் யுவராணி.

"சொல்லாம இருப்பேனா, ஆத்தா."

சொல்லாமல்தான் இருந்தார். வாய்க்கால்கரையில் தொடங்கிய ராஜாத்தி, ஒரு மாதத்தில் முல்லையாற்றுப் பாலத்தைத் தாண்டி, வாழைத்தோட்டங்களைத் தாண்டி, போய்க்கொண்டே இருந்தாள். முதுகில் பை, பைக்குள் பாரம் பழக ஐந்து கிலோ இட்லி அரிசி. பின்னால் ஒச்சாண்டி, கையை வீசிக்கொண்டு வெறுமனே நடந்தும் மூச்சு வாங்கி, தென்னை மரத்தில் காய் எண்ணுகிற பாவனையில் நின்று நின்று போனார். அந்த ஆடி மாதத்தில் சின்னமனூர்த் தென்னைகளில் எண்ணப்படாத தேங்காயே பாக்கியில்லை. அவள் நடந்துகொண்டே பேசினாள். அதுதான் சங்கடம். லாங்சாவில் மாடியில் புல்லைக் காயப்போட்டு வைத்திருப்பதைச் செல்போனில் பார்த்ததாகச் சொன்னாள். "அங்கன தேங்கா கெடையாதாம். எள்ளுப்பொடி இடிச்சிக் கொண்டு போயிருவோம்" என்றாள். "அந்தப் பொம்பளைகளும் நம்மள மாதிரியே முக்காடு போட்டுக் களையெடுக்காக" என்றாள். முப்பது வருடத்தில் பேசாததையெல்லாம் ஒரு மாதத்தில் பேசினாள். உண்மையைச் சொன்னால் அவள் ஷூவைக் கழற்றிவிடுவாள். வீட்டில் மறுபடி "சாப்பிடுறீகளா", "போடு". சொல்லாமல் கூட்டிப் போய், மேலே அவளுக்கு மூச்சு முட்டினால்? உயரத்தில் தலைவலி வரும், வாந்தி வரும், நுரையீரலில் தண்ணீர் கோக்கும் என்றெல்லாம் படித்திருந்தார். காலையில் சொல்லிவிட வேண்டும் என்று எழுவார். வாழைத்தோட்டம் வருவதற்குள், சாயங்காலம் சொல்லலாம் என்று ஆகிவிடும். தனக்கு வேண்டியது அந்த ஏரியா, இந்த நடையா என்பதே அவருக்குக் குழம்பிப் போயிற்று.

ஆகஸ்ட் நடுவில் கம்பெனியில் டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். தேனியில் டாக்டர் மகாலட்சுமி, படிவத்தைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்துச் சத்தமாகவே வாசித்தார். "நாலாயிரத்து முந்நூறு மீட்டர். பதினாலாயிரம் அடி. ரெண்டு பேருமா? மூச்சு ரொம்பக் கஷ்டமா இருக்கும், தெரியுமில்லம்மா?"

ராஜாத்தி திரும்பி ஒச்சாண்டியைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவர் எத்தனையோ பிரேக் பிடித்திருக்கிறார். இப்படி ஒரு பிரேக் சத்தத்தை உள்ளே கேட்டதில்லை.

"தெரியும் டாக்டரம்மா" என்றாள் ராஜாத்தி. "இவுக மொதல்லயே சொல்லிட்டாக."

அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள், இதயம் பார்த்தார்கள், மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தார்கள். "நாற்பது வயசுக்காரங்களுக்குக்கூட இப்படி இருக்காது" என்று கையெழுத்துப் போட்டார் டாக்டர். பிறகு ஒச்சாண்டியின் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்று எண்பது.

"மெசின் சரியா இருக்கான்னு பாருங்க" என்றார் ஒச்சாண்டி.

மறுபடி பார்த்தார்கள். நூற்று எண்பத்து நாலு.

"மாத்திரை எழுதுறேன். மூணு மாசம் கழிச்சு வாங்க. இப்ப இந்த உயரத்துக்கு உங்கள அனுப்பமாட்டேன்." அவருடைய படிவத்தை டாக்டர் வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தார்.

ஊர் திரும்புகிற பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. ஒச்சாண்டிக்கு டிரைவரின் கியர் மாற்றலில் குற்றம் கண்டுபிடிக்கக்கூடத் தோன்றவில்லை.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் ராஜாத்தி.

"நீ ஷூ போட்டதுக்கு மொத நா."

"அப்ப, ஒரு மாசமா."

"சொன்னா வரமாட்டேன்னு நெனச்சேன். ஒனக்குத்தான் மலையே ஆகாதே. அன்னைக்கி பதினெட்டு வளைவுலயும்..."

"அன்னைக்கி யுவராணி வயித்துல இருந்தா" என்றாள் ராஜாத்தி. "ரெண்டு மாசம். அது எனக்கே அடுத்த வாரந்தான் தெரியும்."

ஒச்சாண்டி விரலை மடக்கினார், விரித்தார். மகள் பிறந்த மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தார். கணக்கு ஒரு நாள் பிசகாமல் போய் அந்த முன்சீட்டில் நின்றது.

"அப்பறம் ஏன் நீ ஒரு தடவகூட மேல வரல?"

"நீங்க கூப்புடலயே."

ஜன்னலுக்கு வெளியே வயல், தென்னை, செங்கல் சூளை, மறுபடி வயல். சின்னமனூர் வந்துவிட்டது.

வீட்டுத் திண்ணையில் கூரியர் மூட்டை ஒன்று கிடந்தது. அன்னத்தாய் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தாள். பிரித்தால், பனிக்கான இரண்டு ஜாக்கெட்டுகள்; ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு; தலையணைகளைச் சேர்த்துத் தைத்த மாதிரி உப்பல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே யுவராணியின் போன். ராஜாத்திதான் எடுத்தாள். ஒச்சாண்டிக்கு ஒரு பக்கம் மட்டும் கேட்டது.

"வந்திருச்சுத்தா... ம்... அப்பாவுக்கு டாக்டரு சர்ட்டிபிகேட்டு குடுக்கல. எனக்குக் குடுத்துட்டாக... நெசமாத்தான்... ஒனக்கு லீவு கெடைக்குமா?... இங்கனதான் நிக்காக. கேட்டுச் சொல்றேன்."

போனை வைத்தாள். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. சிவப்பு ஜாக்கெட்டை எடுத்து உதறி, சேலைக்கு மேலேயே கைகளை நுழைத்தாள். மத்தியானம் இரண்டு மணி. ஓடு காய்ந்து, மின்விசிறி சுடுகாற்றைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம்.

"போறியா?" என்றார் ஒச்சாண்டி. அதைப் போகாதே என்று கேட்டாரா, போ என்று கேட்டாரா என்பது அவருக்கே தெரியவில்லை.

"இந்த ஜிப்பு ஏற மாட்டேங்குது. செத்த இழுத்து விடுங்க."

அவர் கறுப்பு ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார். அடியில் இரண்டு பல்லையும் கோத்துப் பிடித்து, சேலை முந்தி சிக்காமல் ஒரு விரலை உள்ளே கொடுத்து, மெதுவாக மேலே இழுத்தார். இடுப்பு. வயிறு. நெஞ்சு. ராஜாத்தியின் நெற்றியிலிருந்து வியர்வை ஓடிவந்து மூக்கு நுனியில் நின்றது. அவள் துடைக்கவில்லை.

"கழுத்து வரைக்கும்" என்று சொல்லி, மோவாயை உயர்த்திக் காட்டினாள்.