தட்டில் ஏறியதெல்லாம் அம்மனுக்கு

வீட்டுப் பெண்களிடம் எடை கேட்பது எங்கள் குடும்பத்தில் மரியாதை இல்லை. அதனால் மருமகள் சிவநந்தினியிடம் நான் கேட்கவில்லை. கல்யாணத்தன்று பார்த்த கண் மதிப்பை வைத்து, பல்லேபொலயிலிருந்து ஐம்பது கிலோ தேங்காய் இறக்கினேன்.

குழந்தை பிறந்தபின் அவள் மூன்று மாதம் ஓயாமல் அழுதாள். தேறினால் எடைக்கு எடை தேங்காய் தருவதாக எங்கள் தெரு அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். டாக்டர் தந்த மாத்திரையில் அழுகை நின்றது. கூடவே உடம்பும் பெருத்தது. சொந்தக்காரர்கள் வாயைத் திறந்தார்கள். அவள் வாசலைத் தாண்டுவதை விட்டுவிட்டாள். மாத்திரையையும் விடப்போகிறேன் என்று என் மகனிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அழுகை திரும்பி வந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

"தராசுல ஏற மாட்டேன் மாமா. ஊரே பாக்கும்."

"பாக்கட்டும். இந்தச் சண்முகராஜா வீட்டு நேர்த்தி பாக்கி நிக்காது."

"அப்ப நீங்களே ஏறுங்க."

"பிள்ளை பெத்தது நானா?"

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அது மறைவதற்குள் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

கோயிலில் ஒரு தட்டில் அவள் உட்கார்ந்தாள். மற்றத் தட்டில் ஐம்பது கிலோவும் குவிந்தது. அவள் தட்டு தரையைவிட்டு அசையவில்லை.

"அண்ணே, இன்னொரு லொறி சொல்லவா?" என்றாள் என் தங்கை கிருஷ்ணம்மா. கூட்டம் சிரித்தது.

மருமகள் தலையைக் குனிந்து, இறங்குவதற்கு ஒரு காலை வெளியே வைத்தாள். இப்படி இறங்கினால் வீட்டுக்குப் போனதும் மாத்திரை குப்பைக்குத்தான் போகும்.

எழுபத்தொரு வயதில் முதல் தடவையாகக் கோயிலுக்குள் வேட்டியை மடித்துக் கட்டினேன். "காலை உள்ள எடும்மா" என்றேன். தேங்காய்க் குவியல்மேல் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

என் தட்டு தடாலென்று தரையில் இறங்கியது. மருமகள் விர்ரென்று மேலே போனாள். தேங்காய்கள் நாலா பக்கமும் உருண்டன. ஒன்று கிருஷ்ணம்மாவைக் கொடிமரம்வரை விரட்டியது. தவில்காரர் தவிலோடு தூண்மேல் தொற்றினார்.

"மாமா! ஐயோ மாமா! என்னை இறக்குங்க!" சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, காலை ஆட்டி ஆட்டி, கண்ணீர் வரச் சிரித்தாள் சிவநந்தினி. தேங்காய் உருள உருள என் பக்கம் லேசாகியது. நான் மேலே, அவள் கீழே. அவள் மேலே, நான் கீழே. கடைசியில் என் தட்டில் பத்துத் தேங்காய் மிஞ்சியபோது இரண்டு தட்டும் ஆடி ஆடிச் சமமாக நின்றன.

குருக்கள் இடுப்பில் கை வைத்தார். "தட்டுல ஏறினதெல்லாம் அம்மனுக்குச் சொந்தம். தேங்காயும், நீங்களும்."

நேர்ந்ததைத் திருப்பிக் கேட்கும் குடும்பமா நாங்கள்? வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் தேங்காய் உரித்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். தனியாக அனுப்ப மருமகள் சம்மதிக்கவில்லை. அம்மன் சொத்து வழியில் தொலைந்துவிடுமாம்.

இப்போது வெள்ளி காலையில் அவளே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "கெளம்புங்க மாமா, அம்மன் தேடுவாங்க" என்று வாசலில் நிற்கிறாள்.

போன வாரம் கிருஷ்ணம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன புள்ள, கொஞ்சமாச்சும் கொறைஞ்சியா?"

"இல்ல அத்தை," என்றாள் அவள். "மாமாவும் பத்துத் தேங்காயும். அதே அளவுதான்."