பதினோராம் வரைவு

கீழ்வானின் விளிம்பில் உருகிய பொன் வழிந்தாற்போல் இளவெயில் பரந்து, பனியில் நனைந்த கூரைகளைத் தடவிக் காயவைத்து, மாடங்களில் தொங்கும் ஆடைகளின் நிழல்களைத் தெருவெங்கும் ஓவியமாய்த் தீட்டி, பணிக்குச் செல்வோர் அனைவரையும் வாரியெடுத்துப் பேருந்து நிறுத்தத்தில் கொட்டிவிட்ட பின்னர், புறாக்களும் ஓய்வுபெற்றோரும் மட்டுமே எஞ்சி நிற்கும் காலை ஒன்பதரை மணி அது. தமிழ் தேரும் நண்பரே, இத்துணை அணிநலத்தைக் கண்டு மன்னர் எவரோ உலா வருகிறார் என்று எழுந்து நின்றிருப்பீராயின், பொறுத்தருளி அமர்க. வருபவர் தம் இல்லாளால் அடுக்களையினின்று துரத்தப்பட்டு, கழுத்தில் துணி சுற்றி, கையில் ஒரு காகித உறையை ஏந்தி, இரண்டு தெரு கடப்பதற்குள் மூன்று முறை திரும்பிவிடலாமா என்று நின்ற முதியவர் ஒருவரே.

அவர் அறிவிப்புகள் வெளியிடும் அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராய் முப்பத்து நான்கு ஆண்டுகள் வீற்றிருந்தவர். எவர் எதை எழுதிக் கொணரினும் அதைச் சிவப்பு மையால் குளிப்பாட்டாமல் விடுவதில்லை என்னும் நோன்புடையவர். விடுப்பு வேண்டும் மடலிலும் நடைநயம் தேடியவர். ஆதலால் அவர் முதுகுக்குப் பின்னே ‘சிவப்புமையார்’ என்ற பட்டம் வழங்கிற்று. அவர் குரலெடுத்தால் மூன்றாம் மாடிப் புறாக்கள் முதல் மாடிக்குப் பெயரும். விடைபெறும் நாளில் ஒன்றேகால் மணிநேரம் பேசித் தலைமையேற்றவரை உறங்கச் செய்தவரும் அவரே. உடலில் எத்தனையோ உறுப்புகள் இருக்க, புற்றுநோய் அவருடைய தொண்டையைத் தேர்ந்து அங்கே சென்று குடியேறியது. அந்நோய்க்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

அறுவைக்குப் பின் முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு. அம்முப்பத்து மூன்று நாளும் தம் பழைய சிறு மகிழுந்தில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, காத்திருந்து, மீண்டும் வீட்டில் சேர்த்தவர் அவருடைய பிரிவில் தட்டச்சராய் இருந்த மனிதர். வழியெல்லாம் அவர் மழையைப் பற்றியும் சாலைக் குழிகளைப் பற்றியும் பேசினாரே அன்றி, தமக்குப் பேச உரிமையுள்ள ஒன்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அந்த ஒன்று யாதெனின்: பணிக்காலத்தில் ஒருமுறை, அறிவிப்பொன்றில் பதினேழாம் நாள் என்று சரியாக இருந்ததைச் சிவப்புமையார் பதினைந்து என்று திருத்தினார். திருத்தியவாறே தட்டச்சர் அடித்தார். நூற்றுக்கணக்கானோர் பிழைபட்ட நாளில் வந்து குழுமி, கூச்சலிட்டு, மேலிடம் வரை செய்தி சென்றபோது, நாற்பது பேர் நடுவே, “கண்ணு எங்கய்யா போச்சு உனக்கு?” என்று தட்டச்சரைப் பார்த்து முழங்கியது அந்தப் பெருங்குரல். சிவப்பு மை படிந்த வரைவோ முழங்கியவரின் மேசை இழுப்பறையில் கிடந்தது. தட்டச்சர் அவ்விழுப்பறையை ஒரே ஒரு முறை பார்த்தார், பின்னர் தலைகுனிந்தார். பதவி உயர்வு நின்றது. ஓய்வு பெறும்வரை ஒன்பது ஆண்டுகள் நிலவறையில் பழந்தாள்களுக்குக் காவல் இருந்தார்.

கதிர்வீச்சுப் படுக்கையில், முகத்தின் மேல் வலைபோன்ற கவசம் பொருத்தி, அசையவும் பேசவும் இயலாதவாறு பிணித்திருந்த அந்நாள்களில், வாழ்வில் முதன்முறையாக எவரையும் திருத்த முடியாமல் கிடந்த சிவப்புமையார் தம்மைத் தாமே பார்க்க நேர்ந்தது. ‘பிழைத்தால், வெளியே காத்திருக்கும் இவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன்’ என்று உறுதி பூண்டார். பிழைத்தார். பிழை அங்கேதான் தொடங்கிற்று.

சாகப்போகிறவராய் இருந்திருந்தால் இரண்டு சொல்லில் முடித்திருப்பார். வாழப்போகிறவராகிவிட்டமையால் நன்றாகச் சொல்ல விழைந்தார். குரலோ சருகு உரசும் ஓசையாய்ச் சுருங்கிவிட்டது; எனவே மடல் எழுதினார். “தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள்” என்றிருந்த முதல் வரைவு அவருக்கே வறுமையாய்த் தோன்றியது. முன்னுரை சேர்த்தார்; சூழலை விளக்கினார்; உவமை ஒன்று நுழைந்தது, அடுத்த ஆண்டு வெளியேறியது. அலுவலக வழக்கப்படி, திருத்தங்கள் முடிந்து நற்படி ஆகும்வரை பெறுநர் பெயருக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டுவைத்தார். முதல் ஈராண்டு தட்டச்சர் வாரந்தோறும் நலம் கேட்க வந்தார். சிவப்புமையார் மழையைப் பற்றிப் பேசி அனுப்பினார். பிறகு அவர் வருகை நின்றது. சினம் கொண்டுவிட்டார் போலும், ஆகவே மடல் இன்னும் செம்மையாய் இருத்தல் வேண்டும் என்று ஏழாம் வரைவைத் தொடங்கினார் நம்மவர்.

“ஏங்க, அது லெட்டரா, இல்ல சட்டப் புத்தகமா?” என்பார் மனைவி. “அந்த மனுஷன் வண்டிய எடுத்துக்கிட்டு வந்தப்ப இப்படித்தான் எழுதிப் பாத்துட்டு வந்தாரா?”

“இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துட்டா முடிஞ்சிரும்.”

“நீங்க பாக்கப் பாக்க அது நீளுது. நாளுதான் கொறையுது.”

நேற்று மருத்துவர் தொண்டையில் ஒளிபாய்ச்சிப் பார்த்து, “அஞ்சு வருஷம் ஆச்சு. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும், போய் நிம்மதியா இருங்க” என்றார். நோய் என்னும் சாக்கும் ஒழிந்தது. ஆகவேதான், நண்பரே, நான்கு பக்கங்களாய் முதிர்ந்த பதினோராம் வரைவுடன் இக்காலைப் பயணம்.

கதவைத் திறந்த தட்டச்சரின் மனைவி வியப்படைந்தாரே அன்றி முகம் சுளிக்கவில்லை. “வாங்க. உள்ள வாங்க. அவரு இப்ப முன்ன மாதிரி இல்லீங்க. மூணு வருஷமா நெனவு தப்பித் தப்பிப் போகுது. உங்க வீட்டுக்குன்னு கெளம்பி, வழி தெரியாம சாயங்காலம் வரைக்கும் வண்டியில சுத்திருக்காரு. அதோட சாவிய வாங்கி வச்சுட்டேன்.”

“எனக்கு யாரும் சொல்லலியேம்மா.”

“நீங்க கேக்கவே இல்லீங்களே” என்றார் அவர், குற்றம் சாட்டும் குரலின்றி. “அப்பல்லாம் உங்க வீட்டுலேர்ந்து வந்ததும் சொல்வாரு, ‘இன்னைக்கும் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தாரு, சொல்லல’ன்னு. சிரிச்சுக்குவாரு.”

கதிர்வீச்சும் சுடாத ஓரிடத்தில் அச்சொல் சுட்டது.

சாளரத்தருகே வெறும் மேசை முன் அமர்ந்திருந்த தட்டச்சர் அவரைக் கண்டதும் துள்ளி எழுந்தார். “வாங்க சார்! டிராஃப்டா? குடுங்க, இப்பவே அடிச்சுடறேன்.” கையிலிருந்த உறையை வாங்கி, தாள்களைத் தட்டிச் சீராக்கி, வரிவரியாய் விரல் ஓட்டிப் படித்தார். நான்காம் பக்கம் முடிந்ததும் முதற்பக்கத்துக்கு மீண்டார். “பெறுநர் காலியா இருக்கே. யாருக்கு சார்?”

“உங்களுக்குத்தான்.”

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். நீங்க எப்பவும் சத்தமாத்தானே பேசுவீங்க!”

ஒருகாலத்தில் புறாக்களைப் பெயர்த்த தொண்டை தன் ஆற்றலனைத்தையும் திரட்டியது. “உங்களுக்குத்தான்யா. தப்பு என்னுது.”

தட்டச்சர் வாய்விட்டுச் சிரித்தார். “என்ன சார் வெளையாடறீங்க? நீங்க என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லையே!” பிறகு சிரிப்படங்கித் தாளை மீண்டும் நோக்கினார். “பாவம் சார் இந்த ஆளு. இன்னும் இருக்காரா?”

சிவப்புமையார் தலையசைத்தார்.

“அப்ப சீக்கிரம் அனுப்பிடுங்க சார். காத்துக்கிட்டிருப்பாரு.”

இவ்வாறு சொல்லித் தாள்களை இடப்புறம் சாய்த்து வைத்து, தட்டச்சுப் பொறி ஏதும் இல்லாத மேசைமேல் பத்து விரல்களையும் பதித்து, அவர் நற்படி அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வரி முடிவிலும் இடக்கை உயர்ந்து, அங்கே இல்லாத உருளையைத் தள்ளி மீண்டது. சிவப்புமையார் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். பையிலிருந்து எழுதுகோலை எடுத்து, ஐந்தாண்டுகள் வெறுமையாய் இருந்த இடத்தில் தட்டச்சரின் பெயரை எழுதினார். எழுதி முடிக்க ஐந்து நொடிகூட ஆகவில்லை.

நோய் அவருக்கு ஈந்த காலம் முழுமையையும் அவர் சொல்லைச் செம்மை செய்வதிலேயே கழித்திருந்தார். கேட்க வேண்டிய செவியோ, எவருக்கும் அறிவிக்காமல், நாள்தோறும் சிறிது சிறிதாக விலகிச் சென்றிருந்தது. வெயில் சாளரத்தைக் கடந்து மேசைக்கு வந்து, அடிக்கப்படாத எழுத்துகளின்மேல் தங்கிற்று. நான்கு பக்கமும் முடியும்வரை அவர் எழவில்லை, எதையும் திருத்தவுமில்லை.