இரவல் வயது

வயதை இரவல் கேட்டால் கொடுக்கலாமா கூடாதா என்று நூனோவுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் பிறந்த போர்ச்சுகலில் ஏணியை இரவல் கேட்பார்கள், குடையைக் கேட்பார்கள், சில சமயம் காரைக்கூடக் கேட்பார்கள். வியட்நாமில், பியென் ஹோவா ஊரின் ஷூ தொழிற்சாலையில், மத்தியானச் சாப்பாட்டு மேசையில், தோவா அக்கா அவன் வயதை இரவல் கேட்டபோது வாய் நிறையச் சோறு இருந்தது. தலையை ஆட்டிவைத்தான்.

"சும்மா பூம்பூம் மாடு மாதிரி ஆட்டாத தம்பி. என்ன ஏதுன்னு கேட்டுட்டு ஆட்டு," என்றாள் தோவா.

அவள் தையல் பிரிவுக்கு மேற்பார்வை. இருநூறு பெண்களைக் கண்ணாலேயே மேய்ப்பவள். நூனோ அங்கே தரம் பார்க்கிற வெளிநாட்டுக்காரன், வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்றாம் வருடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வியாதி வரும். இந்த ஊரில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று தோன்ற ஆரம்பிக்கும். நூனோவுக்கு அது நன்றாகவே முற்றியிருந்தது. பாஷை ஓரளவு வந்துவிட்டது. மழையில் ஸ்கூட்டர் ஓட்டினான். மத்தியானம் விளக்கை அணைத்ததும் எல்லாரையும்போல மேசைக்கடியில் பாயை விரித்துத் தூங்கினான். குறட்டைகூட உள்ளூர்க் குறட்டை ஆகிவிட்டது என்பது தோவாவின் கணிப்பு.

விஷயம் இதுதான். தோவா வீடு கட்ட வேண்டும். அவள் புருஷன் குயெனின் வயதுக்கு இந்த வருடம் வீடு கட்டினால் ஆகாது. வேறொருவர் வயதுக்கு ஆகும் என்றால் அவர் பேரில் கட்டலாம். நூனோ அவர்கள் பஞ்சாங்கப்படி குரங்கு வருடத்தில் பிறந்தவன், ஜோசியர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"எனக்கு வீடு வேணாமே அக்கா."

"உனக்கு யாருடா குடுத்தா? மனைய உனக்கு வித்த மாதிரி ஒரு காகிதம் எழுதிச் சாமி முன்னால வைப்போம். கட்டி முடியிறவரைக்கும் உன் வீடு. முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்குவேன். நீ மூணு தடவ வந்து நின்னாப் போதும். மண்ணு கொத்த, கூரை போட, குடி போக."

"அவ்வளவுதானா?"

"இரு, கேக்க வேண்டியதக் கேட்டுடறேன். ஜெயிலுக்குப் போயிருக்கியா?"

"இல்ல."

"பொண்டாட்டியத் தொரத்திவிட்டியா?"

"பொண்டாட்டியே இல்லக்கா."

"நல்லதாப் போச்சு. அப்பா அம்மா நல்லா இருக்காங்களா? வீட்டுல சாவு, துக்கம் ஏதாச்சும்? துக்கம் இருக்கிறவன் வயசு செல்லாது."

"ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்காங்க," என்றான் நூனோ. அன்றைக்கு அது உண்மைதான்.

மண் கொத்திய காலையில் தோவாவும் குயெனும் மனைப்பக்கமே வரவில்லை, வரவும் கூடாது. மண் கொத்தும் நேரத்தில் மட்டும் வீட்டின் நிஜச் சொந்தக்காரர் கண்ணில் பட்டால் இரவல் பலிக்காதாம். இரண்டு பேரும் தெருமுனைக் காப்பிக்கடையில், எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நூனோ ஊதுபத்தி ஏற்றி, நான்கு மூலையிலும் நடுவிலும் மண்வெட்டியால் கொத்தினான். மேஸ்திரி ஹியெப், "வீட்டுக்காரரே, பலமாக் கொத்துங்க, சமையலா பண்றீங்க?" என்று கத்தினான். அன்றிலிருந்து கொத்தனார்கள் எல்லாருக்கும் அவன் வீட்டுக்காரர்தான்.

அந்தப் பட்டம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. வேலை முடிந்ததும் அறைக்குப் போகாமல் மனைக்குப் போனான். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்பதில் குயெனோடு ஒரு வாரம் சண்டை போட்டு, ஜெயித்தும்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு பேசும்போது வீட்டின் சமாச்சாரம் சொல்வான். அப்பா ஆர்மீந்தோ நாற்பது வருடம் ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டியவர். அவருக்குப் பேச்சு அதிகம் வராது. நீ வீடு வாங்கினதுக்கு அந்த ஊரில் வரி உண்டா என்று மட்டும் கேட்டார்.

கூரைக்கு டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். அதை விட்டால் அடுத்த நல்ல நாள் தெத் என்கிற புத்தாண்டுப் பண்டிகை கழிந்துதான். பழைய வீட்டை இடித்ததிலிருந்து தோவா, குயென், இரண்டு பெண்கள், ஒரு தையல் மெஷின், எல்லாம் ஒரே வாடகை அறையில் கிடந்தார்கள். புது வருடத்தன்று புது வீட்டில் சமைப்பேன் என்று தோவா தொழிற்சாலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், நூனோ அந்தக் காப்பிக்கடையில் உட்கார்ந்து கூரைக்குக் கட்டியிருந்த கம்பிகளை ரசித்துக்கொண்டிருந்தான். கூடப்பிறந்த அக்கா தெல்மா ஊரிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"நூனோ, அப்பா போயிட்டாருடா."

"எங்க?" என்று கேட்டான். அப்படிக் கேட்டதற்காகப் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டான்.

காலையில் ரொட்டி வாங்கப் போனவர் கடைவாசலில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்கவில்லை. நாளைக்கே அடக்கம். "நீ இப்பக் கிளம்பினாலும் வந்து சேர முடியாது. ஏழாம் நாள் பூசைக்கு வா. அம்மாவும் அதான் சொல்றாங்க," என்றாள் தெல்மா. அவள் அழுதாள். நூனோ சரி, சரி என்று மட்டும் சொன்னான். திங்கட்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு, காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு, மனைக்கு நடந்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான்.

தோவா அங்கே பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டாரு வீட்டுக்காரரு! ஞாயித்துக்கிழமை முழுக்கைச் சட்டை போட்டுட்டு வா, சொல்லிட்டேன். சின்னவ அந்த ரூம்ல குளிக்கிற இடத்துப் படியில உக்காந்து பரீட்சைக்குப் படிக்கிறா தம்பி. இந்தக் கூரையப் போட்டுட்டா, ஒரு மாசத்துல அவளுக்குன்னு ஒரு மூலை வந்துரும்," என்றாள்.

நூனோ குனிந்து அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொடுத்தான். சொன்னால் கூரை வேலை நின்றுவிடும். சொல்லாவிட்டால் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த சாவு இந்த ஊர் சாமிகளின் காதுக்கு எட்டவா போகிறது? தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையும் கிடையாது. ஞாயிறு கூரை, திங்கள் விமானம், திரும்பி வந்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். தோவாவுக்குப் பெரிய நன்மை செய்வதாகவே நினைத்தான். அந்த நினைப்பில் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சனிக்கிழமை தொழிற்சாலையில் ஒன்றுமில்லாத நூல் பிசிறுக்காக நானூறு ஜோடியைத் தள்ளினான். தோவா ஒரு ஷூவை அவன் மூக்குக்கு நேரே நீட்டி, "என்னடா, பொண்ணு பாக்க வந்த மாமியார் மாதிரி நொட்டை சொல்ற? இதுல என்ன கொறை?" என்றாள். அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அழுகையாவது வந்தால் தேவலை என்றிருந்தது. அதுவும் வரவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து வழக்கம்போலச் சோறு தின்றான்.

ஞாயிறு காலை ஆறரைக்கே காங்கிரீட் லாரி சந்து முனைக்கு வந்து வயிற்றைச் சுழற்றிக்கொண்டு நின்றது. கூரை போடும் இடத்துக்குக் கீழே மேசையில் வேகவைத்த கோழி, பசையரிசிச் சோறு, பழம், பூ. அக்கம்பக்கம் எல்லாரும் வந்திருந்தார்கள். நூனோ முழுக்கைச் சட்டையில் ஊதுபத்தியைப் பற்றவைக்கப் போனான்.

"இரு இரு," என்று தோவா தன் செல்போனைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "உங்கப்பாவக் கூப்பிடு. அவரும் பாக்கட்டும்."

"அங்க இப்ப நடுராத்திரி அக்கா. தூங்குவாரு."

"போடா. புள்ள வீட்டுக்குக் கூரை போடுறான்னா எந்த அப்பனுக்குத் தூக்கம் வரும்? எழுப்பு."

நூனோ செல்போனைப் பார்த்தான். வேறு பொய் தேடினான். கிடைக்கவில்லை.

"செத்துட்டாரு அக்கா. வெள்ளிக்கிழமை. நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க."

லாரி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தோவா செல்போனைப் பைக்குள் போட்டாள்.

"தெரிஞ்சுதான் வந்து நிக்கிறியா?"

"கூரை நின்னுருமேன்னு..."

"அதுக்கு? உன் துக்கத்த என் தலைக்கு மேல ஊத்தி மூடப் பாத்தியா?"

"உங்களுக்காகத்தான்கா."

"எனக்காகவா? நான் கேட்டேனா உன்ன?" அவள் குரல் சந்துமுனை வரை கேட்டது. "ரெண்டு நாளா அப்பன் செத்தத வயித்துல வச்சுக்கிட்டு என் எதிர்ல உக்காந்து சோறு தின்னிருக்க. நான் நூல் பிசிறுக்குச் சண்டை போட்டுட்டிருந்தேன். ஒரு வாய் தண்ணி குடிக்கிறியாடான்னு கேக்கக்கூட வழியில்லாமப் பண்ணிட்டியே, பாவி!"

குயெனுக்கு வேறு கோபம். "அங்க இருந்த மனுஷருக்கு இங்க என்ன துக்கம்? அவங்க சாமி வேற, நம்ம சாமி வேற. நேரம் போகுது, ஊத்தச் சொல்லு," என்றார்.

"வீடு யார் பேர்லய்யா இருக்கு?"

"அது சும்மா ஒரு காகிதம்."

"சும்மா காகிதம்னா எதுக்கு அவன மண்ணு கொத்தச் சொல்லிட்டு நாம காப்பிக்கடையில ஒளிஞ்சோம்? இது அவன் வீடு. அவன் அப்பா செத்திருக்காரு. அப்ப இது சாவு வீடு. சாவு வீட்டுக்கு யாராச்சும் இன்னைக்குக் கூரை போடுவாங்களா?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. மேஸ்திரி ஹியெப்தான் தலையில் கைவைத்தபடி, "சாவு வீடோ கல்யாண வீடோ, காங்கிரீட் காத்திருக்காதுக்கா. இன்னும் ஒரு மணி நேரத்துல கல்லாயிடும். எங்க கொட்ட?" என்றான்.

தோவா சுற்றிப் பார்த்தாள். "சந்துல கொட்டு. மழைக்கு முழங்கால் தண்ணி நிக்குதில்ல, கொட்டு," என்றாள்.

அப்படித்தான் தோவாவின் கூரை சந்துக்குத் தரையாயிற்று. கூரை பார்க்க வந்தவர்கள் பேண்ட்டை மடித்துக்கொண்டு பலகையும் கரண்டியும் எடுத்தார்கள். முட்டைக்காரம்மா தன் வாசலில் மட்டும் கொஞ்சம் உசத்திப் போடச் சொல்லி ஹியெப்பைப் பிடுங்கி எடுத்தாள். நூனோவும் குனிந்து பலகையைப் பிடித்தான். தோவா வந்து அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "உனக்கு வேற வேல இருக்கு. அப்பா படம் எடு."

நூனோவின் செல்போனில் இருந்தது ஏதோ கல்யாணத்தில் எடுத்தது ஒன்றுதான். சந்தில் காங்கிரீட் பரவி முடிவதற்குள் தோவாவின் பெரிய பெண் அதைக் கடையில் அச்சடித்து வந்தாள். ஓரத்தில் வேறு யாருடைய தோளோ பாதி தெரிந்தது. செங்கல்லை அடுக்கி அதன்மேல் படத்தை வைத்தார்கள். கூரைக்குச் சமைத்த கோழியும் சோறும் அதன்முன் வந்தன. தோவா வெள்ளைத் துணியைக் கிழித்து, துக்கத்துக்கு அடையாளமாக நூனோவின் நெற்றியில் கட்டினாள். கட்டும்போது கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினாள், கோபம் இன்னும் போகவில்லை.

"டிக்கெட் எப்போ?"

"நாளைக்கு."

"போ. அம்மா பக்கத்துல இரு. தெத்தை அந்த ரூம்லயே வச்சுக்கிறோம், எங்களுக்கு என்ன புதுசா? கூரை எங்கயும் ஓடிப் போகாது."

"சின்னவ படிக்க..."

"உன் ரூம் சாவியக் குடுத்துட்டுப் போ. அங்க உக்காந்து படிக்கட்டும்." அவள் கையை நீட்டினாள், அவன் கொடுத்தான்.

சந்து முழுக்க ஈரக் காங்கிரீட். யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே எல்லாரும் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் பார்த்தே இராத ஒரு தோல் வெட்டியவருக்கு ஊதுபத்தி ஏற்றினார்கள். முட்டைக்காரம்மா பேரைக் கேட்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்து, வாயில் நுழையாமல், "பெரியவரே, உங்க பையன் நல்லாத் திங்கிறான், நல்லாத் தூங்குறான். கவலப்படாமப் போய் வாங்க," என்று முடித்துக்கொண்டாள். தலைக்கு மேலே கம்பிகளும் வெயிலும் மட்டும் இருந்தன.

குயென் காலையிலிருந்து அவனோடு பேசவில்லை. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு வந்து, அவன் பக்கத்தில் குந்தினார். சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்தார்.

"உங்கப்பா பிடிப்பாரா?"

"விட்டுட்டாரு அண்ணே. ஆறு வருஷமாச்சு. நெஞ்சுக்கு ஆகாது, தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தினம் அதுக்கு ஏங்குவாரு."

குயென் படத்தைப் பார்த்தார். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, நெருப்பு நன்றாகப் பிடிக்கும்வரை தானே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, படத்துக்கு முன்னால் செங்கல் இடுக்கில் நிறுத்தினார்.

"இனிமே பிடிக்கலாம்," என்றார்.

நூனோவுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தான், இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாதிச் சிரிப்பில், இரண்டு நாளாக வராத அழுகை வந்தது. குயென் அவனைத் தேற்றவில்லை, எழுந்தும் போகவில்லை. அந்த சிகரெட் எரிந்து முடியும்வரை அவன் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.