எஞ்சின் வராத வரைக்கும் பறக்கும் விமானம்

எங்கள் போர் விமானம், எஞ்சின் வந்துவிடும் என்ற உறுதிமொழியில் பறக்கிறது. எஞ்சினால் பறக்கும் விமானங்களும் உலகத்தில் இருக்கின்றன. அவை சத்தம் அதிகம் போடும், எண்ணெயும் குடிக்கும்.

விமானத்தை இரண்டு நாடுகள் சேர்ந்து உருவாக்கின. மூக்கிலிருந்து இறக்கை வரை நாங்கள்; இறக்கைக்குப் பின்னால் வால் வரை கூட்டாளி நாடு. எஞ்சினை மூன்றாவதாக ஒரு நாடு தருவதாக ஏற்பாடு. அதை எஞ்சின் நாடு என்றே சொல்வோம். அதற்கு முறையான பெயர் ஒன்று இருந்தது; யாரும் பயன்படுத்தாததால் மறந்து போயிற்று.

எஞ்சின் நாட்டின் பிரதிநிதி மிஸ்டர் ஹெல்ம். எஞ்சின் வரும், வரும் என்று சொல்லிச் சொல்லியே தமிழ் கற்றுக்கொண்டவர். அதனால் எதிர்காலம் மட்டும்தான் அவருக்குப் பேச வரும்; காலையில் என்னைப் பார்த்தால் "வணங்குவேன்" என்பார். விமானம் கிளம்பும் முன் அவர் ஏணியில் ஏறி, எஞ்சின் இருக்க வேண்டிய குழிக்குள் தலையை விட்டு, "எஞ்சின் வரும்" என்பார். காத்திருக்கும் காலியிடத்துக்குத் தூக்கும் சக்தி உண்டு. குழி லேசாக உறுமும். விமானம் எழும்பும்.

சொல்லுகிற சொல்லைப் பொறுத்தது உயரம். 'பார்க்கலாம்' என்றால் விமானம் ஓடுதளத்தில் உருளும், அவ்வளவுதான். 'மேலிடத்தில் பேசுவோம்' என்றால் நேராக ஏறும், ஆனால் திரும்பாது. 'பரிசீலிப்போம்' என்பது இறங்குவதற்கு உகந்தது. வானொலியில் அதை இரண்டு தடவை சொன்னால் விமானம் பூப்போலத் தரையைத் தொடும். 'கண்டிப்பாக' என்ற சொல்லை மலைப் பிரதேசங்களில் பயன்படுத்தத் தடை இருக்கிறது. தூரமும் ஒரு கணக்கு: எஞ்சின் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு உயரம். அது கடலுக்கு அப்பால் இருந்ததால் எங்களுக்குக் குறையொன்றும் இருக்கவில்லை.

நான் இந்தத் திட்டத்தின் ஏற்றுமதிப் பிரிவில் அதிகாரி. ஆயுத பூஜைக்கு அடுத்த நாள், விமானத்தை வாங்கும் உத்தேசத்தோடு ஒரு நாட்டிலிருந்து தூதுக்குழு வந்திருந்தது. விற்பனை நடக்காவிட்டால் தன் பங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவதாகக் கூட்டாளி நாடு எழுதியிருந்தது. வால் இல்லாத விமானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்கள் இயக்குநர் ரெஜினா மேடம் பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று விமானத்தை ஓட்டியவர் விங் கமாண்டர் பூவலிங்கம், தூத்துக்குடிக்காரர். ஹெல்ம் குழிக்குள் சொல்ல வேண்டியதைச் சொன்னார். விமானம் மேகத்துக்கு மேலே போயிற்று. தூதுக்குழுவினர் பந்தலில் உட்கார்ந்து இளநீர் குடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வாயிற்காவலர் எனக்குப் போன் செய்தார்.

"சார், எஞ்சின் வந்திருக்கு."

"எந்த எஞ்சின்?"

"நம்ம எஞ்சின்தான் சார். லாரியில நிக்குது. கையெழுத்துப் போட்டு இறக்கிக்கணுமாம்."

நான் ஹெல்மிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்து, "இது எங்கள் வழக்கத்தில் இருக்காது" என்றார்.

மேலே பார்த்தேன். விமானம் மேகத்தைவிட்டு இறங்கி, தண்ணீர்த் தொட்டியின் உயரத்துக்கு வந்திருந்தது. தூதுக்குழு கைதட்டிற்று.

வாசலுக்கு ஓடினேன். மரப்பெட்டிக்குள் எஞ்சின் இருந்தது. பெட்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். பூஜைக்கு வாங்கியதில் ஒரு பூசணிக்காய் மிச்சமிருக்க, பண்டகசாலைக்காரர்கள் அதைக் குங்குமம் தடவி லாரிக்கு முன்னால் உடைத்துவிட்டார்கள். எங்கள் வளாகத்துக்குள் புதிதாக எது வந்தாலும் அப்படித்தான் வரும். போன மாதம் ஜெராக்ஸ் மிஷினும் அப்படித்தான் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது முன் சக்கரங்கள் எலுமிச்சம்பழத்தை நசுக்கி முடித்திருந்தன.

டிரைவரின் பெயர் குப்புராஜ். "வண்டியைப் பின்னால் எடுங்கள்" என்றேன்.

"முடியாது சார்."

"பைபாஸ் வரைக்கும் போனால் போதும்."

"பழம் நசுங்கிருச்சு சார். நசுங்கின பெறகு வண்டி முன்னாலதான் போகும். பின்னால எடுக்கணும்னா பழம் வைக்கிறதுக்கு முந்தியே சொல்லியிருக்கணும்."

"மேலே ஒரு ஆள் இருக்கிறார், குப்புராஜ்."

"கீழே நான் இருக்கேன்ல? அடுத்த வாரம் பாப்பாவுக்குக் காது குத்து. அபசகுனம் பண்ணிட்டுப் போயி மாமனார் மூஞ்சில முழிக்கச் சொல்றீங்களா? ஏற்கெனவே அவருக்கு என்னைப் பிடிக்காது."

இது நியாயம். பண்டகசாலைக்காரர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர், "ராகுகாலம் வரப் போவுது சார், சட்டுனு உள்ள விட்டுடுங்க" என்றார்.

வாசலிலிருந்து உள்பக்கம் தரை சரிவு. பூசணிக்காயின் சதையில் சக்கரம் வழுக்க, லாரி ஒரு முழம் உள்ளே வந்தது. விமானம் தென்னை மர உயரத்துக்கு வந்தது.

என் கையிலிருந்த வானொலியில் பூவலிங்கத்தின் குரல் கேட்டது. "சார், தென்னை மரத்துல காக்கா கூடு தெரியுது. காக்கா என்னையே பாக்குது. ஏறணுமா எறங்கணுமா, யாராச்சும் ஒண்ணு சொல்லுங்க."

"சக்கரங்களை இறக்க முடியுமா?"

"சக்கரம் கூட்டாளி நாட்டுப் பக்கம் சார். அவங்க அனுமதி தரணும். அவங்களுக்கு இன்னிக்கு லீவு."

லாரி இன்னும் ஒரு சாண் வழுக்கியது. விமானம் பந்தலின் தோரணங்களை அசைத்தபடி தூதுக்குழுவின் தலைக்கு மேல் போயிற்று. தூதுக்குழுவின் தலைவர், வெள்ளை மீசை வைத்த ஒரு தளபதி, எழுந்து நின்று தொப்பியைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு தாழ்வாக, இவ்வளவு மெதுவாக, இவ்வளவு அமைதியாக எந்தப் போர் விமானமும் பறந்து தான் பார்த்ததில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

ரெஜினா மேடம் ஹெல்மின் பக்கம் குனிந்து பேசினார். பந்தலிலிருந்த மைக் அணைக்கப்படாததால் வாசல் வரை எல்லோருக்கும் கேட்டது.

"எஞ்சின் வந்தாச்சு. வேற ஏதாவது நீங்க தராம இருக்கீங்களா?"

"நிறைய இருக்கும், மேடம்."

"அதுல பெரிசா ஒண்ணு சொல்லுங்க. பூவலிங்கம் கீழே விழுந்தா அவர் வீட்டுல நான் என்ன பதில் சொல்வேன்?"

ஹெல்ம் மைக்கை வாங்கி, வானத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். "எஞ்சின் செய்யும் தொழில்நுட்பத்தையும் தருவோம். முழுவதும் தருவோம்."

விமானம் செங்குத்தாக ஏறிற்று. முதலில் காக்கை அளவு, பிறகு ஈ அளவு, பிறகு ஒன்றும் இல்லை. தொழில்நுட்பம் எஞ்சினைவிட வெகு தொலைவில் இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. லாரி சரிந்து உள்ளே வந்தது. நான் கையெழுத்துப் போட்டு எஞ்சினைப் பெற்றுக்கொண்டேன். அதை வைக்க இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. சைக்கிள் கொட்டகையில் வைத்தோம்.

பேச்சுவார்த்தை சாப்பாட்டுப் பந்தியிலேயே தொடங்கிவிட்டது. தளபதி அவியலை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு, தங்களுக்கு ஒரு முழுப் படைப்பிரிவுக்கான விமானங்கள் வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: எஞ்சினை எக்காரணம் கொண்டும் அனுப்பக் கூடாது. தங்கள் அண்டை நாடு முன்யோசனையில்லாமல் எஞ்சினோடு விமானம் வாங்கிவிட்டதாகவும், இப்போது உதிரிபாகங்களுக்காக அலைவதாகவும் அவர் சொன்னார். ஹெல்ம் அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டார். அதை நிறைவேற்றும் அனுபவம் தங்கள் நாட்டுக்கு நிறைய இருக்கும் என்றார்.

ஒப்பந்தத்தை அவர்கள் மொழியில் எழுத வேண்டும், அவர்களுடைய அரசர் படிக்க வேண்டும், அவர் படிப்பதற்கு நேரம் எடுப்பவர். கையெழுத்து நாளைக்குத்தான் என்று ஆயிற்று.

நான் ரெஜினா மேடத்தைத் தனியே அழைத்தேன். "பூவலிங்கத்தை இறக்க வேண்டும்."

"ஹெல்ம் 'பரிசீலிப்போம்'னு ரேடியோல சொல்லணும். தளபதி காதுல விழுந்தா, ஒப்பந்தத்தைத்தான் பரிசீலிக்கிறோம்னு நினைப்பார். வியாபாரம் போச்சு."

"பூவலிங்கம் இன்னும் சாப்பிடவில்லை."

"தெரியும்" என்றார் மேடம். தன் இலையை அப்போதுதான் மூடியிருந்தார். "நீங்களே சொல்லிடுங்க அவர்கிட்ட. நான் சொன்னா கோபப்படுவார்."

பூவலிங்கம் கோபப்படவில்லை. அங்கிருந்து இலங்கை முழுதாகத் தெரிகிறது என்றார். குளிர்கிறது என்றார். பிறகு, "சார், இன்னிக்கு வீட்டுல சீலாமீன் கொழம்பு. காலைலயே சொல்லிவிட்டா. நாளைக்குச் சூடு பண்ணிக் குடுப்பா, ஆனா பேசவே மாட்டா" என்றார்.

அவர் மனைவி மாரிச்செல்வி அதற்குள் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்திருந்தார். இணைப்பை வானொலிக்கு மாற்றிக் கொடுத்தேன்.

"எங்க இருக்கீக?"

"மேலதான்."

"மணி என்னாச்சு? கொழம்பு ஆறி ஏடு கட்டிருச்சு. நாளைக்குத்தான் வருவீகளாமே, அந்த ஆபீசர் சொல்றாரு?"

"யாரு சொன்னா? இந்தா, வந்துடுறேன். கொழம்பைச் சூடு பண்ணு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். தட்டுல சோத்தைப் போடு, வந்துடுறேன்."

பூவலிங்கம் வீட்டில் சொன்ன சொல் அதுவரை தவறியதில்லை. அதனால் மாரிச்செல்வி அதை நம்பிச் சோற்றைப் போட்டு, அவர் உட்காரும் இடத்தைக் காலியாக விட்டுக் காத்திருந்தார்.

மாரிச்செல்வியிடம் நான் நேரில் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்குமோ என்று ஊழியர் குடியிருப்புக்குப் போனேன். அவர்கள் வீடு அங்கே இல்லை. அஸ்திவாரம் மட்டும் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. தண்ணீர்க் குழாய் ஒடிந்து பீய்ச்சிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். சமையலறை விளக்கு எரிய, வீடு சீராக ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் கட்டியிருந்த கோழி ஒன்று கயிற்றோடு கூடவே போயிற்று. சிறிது நேரத்தில் வானொலியில் கிண்ணம் மோதும் சத்தம் கேட்டது.

"சன்னலை இன்னுங் கொஞ்சம் தெறயேன், தட்டு இடிக்குது" என்றார் பூவலிங்கம்.

"புளி தூக்கலா இருக்கா?"

"சரியா இருக்கு. இன்னொரு துண்டு வை."

பொதுப்பணித் துறைக்குப் போன் செய்து குழாயை அடைக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டில் குடியிருந்த கணக்குப் பிரிவு தட்சிணாமூர்த்தி வெளியே வந்தார். அவருடைய துணிக்கொடியின் ஒரு முனை மாரிச்செல்வியின் சன்னல் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. கொடி அறுந்து, துவைத்த வேட்டிகள் சேற்றில் கிடந்தன.

"இதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

"புதுக் கொடி போட்டுத் தருகிறோம், சார்."

"எப்போ?"

"இந்த வாரத்துக்குள்."

அவர் சரி என்று சொல்லிவிட்டு, வேட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் திரும்பி நடக்கும்போது, அவர் வீட்டு வாசற்படிக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று.