விருந்துக்கு விடுபட்டவர்கள்

பேரன் முதல் அடி வைத்ததற்கான விருந்துக்கு, தன் விடுதியில் என்றோ தங்கிப்போன அத்தனை பேரையும் மின்னஞ்சலில் அழைத்தார் எர்மெக். காராகோல் ஊரில் ஒருவரை விட்டாலும் காலத்துக்கும் பேச்சு. மறுநாளிலிருந்து அவர் அனுப்பிய எந்த மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச்சேரவில்லை.

"மாமா, குப்பை மெயில் அனுப்பறவங்கன்னு உங்களைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுட்டாங்க," என்றாள் தங்கை மகள் பெகிமாய். "பாதிப் பேர் உங்க அழைப்பைக் குப்பைன்னு புகார் பண்ணிட்டாங்க."

"குப்பையா? விருந்துக்குக் குதிரையையே அறுத்துக் கறி போடப்போறேன்டி!"

"அவங்க சம்மதம் கேட்டீங்களா?"

"சம்மதம் கேட்டுட்டா யாராவது விருந்துக்குக் கூப்பிடுவாங்க?"

பெகிமாய் அந்தப் பட்டியல் போடுபவர்களுக்கு எழுதிக் கெஞ்சி, ஒருவழியாக அவர் பெயரை நீக்கவைத்தாள். "புகார் பண்ணினவங்க பேரைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். அவங்க பக்கமே போகாதீங்க."

எர்மெக்குக்கு ஒன்றும் புரியவில்லை. மனசு கோணியவர்களை அப்படியே விடுவது எந்த ஊர் நியாயம்? அவள் போனதும் அவர்களுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டு எழுதி, மறுபடியும் விருந்துக்கு அழைத்தார்.

சாயங்காலம் பெகிமாய் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "திரும்பப் பட்டியல்ல போட்டுட்டாங்க மாமா!"

எர்மெக் விருந்தினர் பெயர்களை ஒருமுறை சரிபார்த்தார். "ஏன்டி, அந்தப் பட்டியல் போடறவங்களை நாம விருந்துக்குக் கூப்பிடவே இல்லையே?"